மாப்பிள்ளை பேசக் கூடாத வீடு

சம்சிதார் ஒரு கூடைச் சாம்பலை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். நனைத்து வைத்திருந்த கோணியை அதன் மேல் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தினாள். பானையில் மரவள்ளிக்கிழங்கு பாதி வேக்காட்டில் நின்றது. கோணியின் ஓரத்தில் கசிந்த புகையைத் தன் தலைத்துணியால் அமுக்கினாள். கூரை வழியாக ஒரு நூல் புகை வெளியே போனால் போதும், மேலே சுற்றுகிறவனுக்கு.

தும்பி வந்துவிட்டது. டச்சுக்காரனின் அந்த ஒற்றை எஞ்சின் விமானத்துக்குக் கோத்தோ தாலாங் மலைப் பக்கத்தில் அதுதான் பெயர். தென்னைகளுக்கு மேலே தாழப் பறந்து, கொம்பு முளைத்த கூரைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டு, ஆற்றுப் பக்கம் திரும்பியது.

பேச்சுவார்த்தைக்காக இன்று நாலு மணி வரைக்கும் சுடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பார்க்கமாட்டோம் என்று எழுதித் தரவில்லை.

சத்தம் தேய்ந்ததும் சம்சிதார் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அவளுடைய வீட்டின் நீளமான கூடத்தில், ஊர்க் குலத் தலைவர்கள் நாலு பேரையும் சேர்த்து, ஏழு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அசைந்த மாதிரி தெரியவில்லை. அவளுடைய கணவன் புஸ்தாமி, பதினாலு மாதம் கழித்து நேற்று வீட்டுக்கு வந்தவன், மாப்பிள்ளைமார் உட்காரும் வரிசையில் தலையைக் குனிந்தபடி இருந்தான். எதிரே அவளுடைய தாய்மாமன், குடும்பத் தலைமைக்கான 'டத்தோ' பட்டம் தாங்கிய பாண்டாரோ. சுவரில் சாய்வது அவருக்குப் பழக்கமில்லை. சாயவில்லை.

நேற்றிலிருந்து இதே காட்சிதான்.

விஷயம் சுருக்கமானது. 1948 டிசம்பரில் இந்தோனேசியக் குடியரசின் தலைநகரம் யோக்யா டச்சுக்காரன் கையில் விழுந்தது. தலைவர்களைப் பிடித்துத் தீவுக்கு அனுப்பினான். குடியரசு செத்தது என்று வானொலியில் சொன்னான். சாகவில்லை. இந்த மேற்குச் சுமத்ராக் காட்டில் ஒரு அவசர அரசு முளைத்தது. ஆறு மாதமாக ஊர் ஊராக ஓடி, ஒரு ரேடியோப் பெட்டியை மட்டும் விடாமல் தூக்கிக்கொண்டு, 'இருக்கிறோம்' என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ஜகார்த்தாவில் பேச்சுவார்த்தை நடந்து, யோக்யாவைக் காலி செய்கிறேன், பழைய அரசு திரும்பி வரட்டும் என்று டச்சுக்காரன் இறங்கி வந்திருக்கிறான். ஒரே ஒரு முடிச்சு. காட்டு அரசு தன் பொறுப்பைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால், 'இவர்களுக்குள் இரண்டு அரசாங்கம். நாங்கள் யாரோடு பேசுவது?' என்று கேட்டு அவன் ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவான்.

காட்டு அரசின் சபையிலும் ஏழு பேர்தான், ஆனால் வேறு ஏழு பேர். இந்த மண்ணில் கை தூக்கி எண்ணுகிற வழக்கம் கிடையாது. எல்லாரும் ஒப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பவில்லை. வேறு வேறு ஊர்களில் இருந்த ஆறு பேர் சரி என்றாகிவிட்டது. அரசின் தலைவர் இரண்டு மலை தள்ளி ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏழாவது வார்த்தைக்காகக் காத்திருந்தார். ஏழாவது வார்த்தை டத்தோ பாண்டாரோவின் வாயில் இருந்தது.

அந்த வாயிலிருந்து இரண்டு நாளாக ஒரே சொல்தான் வந்துகொண்டிருந்தது.

"வேண்டாம்."

ஜகார்த்தாவிலிருந்து வந்த தூதர்கள் இரண்டு பேர். ஒருவர் தார்மோஜோ, ஜாவாக்காரர், வக்கீல், சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம். இன்னொருவன் புஸ்தாமி. அந்த வீட்டு மாப்பிள்ளையையே அனுப்பினால் காரியம் எளிதாக முடியும் என்று அங்கே யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது.

நேற்றுக் காலை புஸ்தாமி படியேறும்போது அவன் தூதன். படிக்கட்டுக் கல்லில் நின்று சம்சிதார் அவன் காலில் தண்ணீர் ஊற்றினாள், வீட்டுக்குத் திரும்பும் கணவனுக்கு ஊற்றுவது மாதிரி. அவனும் யோசிக்காமல், கால் போன பழக்கத்தில், மாப்பிள்ளை வரிசையில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு விளங்கியது. முகம் வெளுத்தது. எழுந்து இடம் மாறினால் பெரியவரை அவமதித்த மாதிரி. மாறாவிட்டால், மனைவியின் தாய்மாமனுக்கு எதிரே, மனைவியின் வீட்டில், மாப்பிள்ளை எதிர்வார்த்தை பேச முடியாது. சோறு போட்டால் சாப்பிடலாம், கேட்டால் 'ஆமாம்' சொல்லலாம். அவ்வளவுதான்.

நாட்டின் தூதன் அப்போதிலிருந்து 'ஆமாம்' மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஷரத்து மூன்று," தார்மோஜோ மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். "யோக்யாவிலிருந்து டச்சுப் படை முழுக்க வெளியேறும். ஷரத்து நாலு, இரு தரப்புக் கைதிகளும்..."

"நாலாவதைப் படிக்காதீங்க, வக்கீல் ஐயா," என்றார் டத்தோ.

"நேத்தும் இதையே சொன்னீங்க. அது ரொம்ப முக்கியமான ஷரத்து, டத்தோ. கைதிகள் விடுதலை..."

"அஞ்சாவதுக்குப் போங்க."

கதவோரம் நின்ற சம்சிதாரின் நகம் மரத்தில் பதிந்தது.

நாலாவது ஷரத்தில்தான் அவளுடைய தம்பி இருந்தான். அல்லது இல்லை. ஜமாலுஸ், இருபத்துமூன்று வயது, மாமாவுக்குப் பிறகு டத்தோ பட்டத்துக்கு உரியவன். பிப்ரவரியில் பள்ளத்தாக்கில் டச்சுப் படை சுற்றி வளைத்தபோது காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள் என்றது ஒரு பேச்சு. ஆற்றில் போனான் என்றது இன்னொன்று. அவனுக்காக ஓதவும் இல்லை, அவனுக்குத் தட்டு வைக்கவும் இல்லை. அவன் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று மாமா சொல்லி நாலு மாதம் ஆகிறது. பாவம், மனுஷன் தாங்கமாட்டார் என்று அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒப்பந்தம் நிறைவேறினால் சிறைக் கதவு திறக்கும். தம்பி உள்ளே இருந்தால் வருவான். நிறைவேறாவிட்டால் உள்ளே இருந்தும் வரமாட்டான். அவளுக்கு யோக்யாவை விட அதுதான் கண்ணில் நின்றது.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் புஸ்தாமி அடுக்களைக்கு வந்தான். அவள் கொட்டாங்கச்சியில் காப்பி இலைக் கஷாயத்தை ஊற்றி நீட்டினாள்.

"நீங்க பாடாங் வழியாத்தானே வந்தீங்க?"

"ஆமா."

"ஆமா, ஆமா. இங்கயுமா? பாடாங்ல சிறைப் பக்கம் போனீங்களா, இல்லையா?"

அவன் கஷாயத்தைப் பார்த்தான்.

"கைதிங்க பேர்ப்பட்டியலை உங்க கையில குடுத்திருப்பாங்க. குடுக்காம அனுப்புவாங்களா? என் தம்பி பேர் அதுல இருக்கா?"

"சம்சி, கூட்டம் முடியட்டும்."

"இருக்குன்னா தலையை ஆட்டுங்க. இல்லேன்னாலும் ஆட்டுங்க. தாங்கிப்பேன்."

"முடியட்டும்னு சொல்றேன்ல."

"நீங்க என் புருஷனா, இல்ல ஜகார்த்தாவோட புருஷனா?"

அவன் குடிக்காமலே கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டுப் போனான். அவள் மனசுக்குள் அவனைக் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டித் தீர்த்தாள். சொல்லத் துணிச்சல் இல்லையென்றால் என்ன அர்த்தம்? செத்துப்போனான் என்றுதானே? உயிரோடு இருக்கிறவனைப் பற்றிச் சொல்ல ஒருவனுக்கு என்ன தயக்கம்?  வேகாத கிழங்கை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

மணி ஒன்றரைக்குத் தார்மோஜோவும் அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் ஜகார்த்தாவில மூணு டச்சு வக்கீலை ஒரே மேஜையில மடக்கினவர். என் கண்ணால பார்த்தேன். இங்க வந்து ஏன் இப்படி ஊமையா உட்கார்ந்திருக்கார்? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல, ஐயா. அவர் இந்த வீட்டு மாப்பிள்ளை."

"அது தெரியும். அதனாலதானே அனுப்பினாங்க."

"அதனாலதான் அனுப்பியிருக்கக் கூடாது." அவள் கத்தியை வைத்தாள். "எங்க ஊர்ல மாப்பிள்ளைன்னா மரக்கட்டை மேல ஒட்டின சாம்பல். ஊதினா பறந்துரும். வீடு பொண்டாட்டியோடது. பேச்சு பொண்டாட்டியோட தாய்மாமனோடது. மாப்பிள்ளை விருந்தாளி. உங்க ஜாவாவில எப்படி?"

"எங்க ஊர்ல மாப்பிள்ளை ரொம்பப் பேசுவார். மாமனார்தான் எழுந்து போவார்." அவர் கடிகாரத்தைத் திறந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "ரெண்டரை மணி நேரம் இருக்கு. அவர் வாயைத் திறக்க வழியே இல்லையா?"

"இந்தக் கூரைக்குக் கீழ இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

சம்சிதார் கையைக் கழுவினாள். தலைத்துணியைச் சரியாகக் கட்டினாள். கூடத்துக்குள் போய் நடுவில் நின்றாள்.

"மாமா, ஒரு விஷயம் கேக்கணும். இந்த வீடு யாரோடது?"

டத்தோ நிமிர்ந்து பார்த்தார். "இதென்ன கேள்வி? உங்க அம்மாவோடது. அவ போனப்புறம் உன்னோடது."

"அப்ப எனக்கு வீடு வேணும். எல்லாரும் எழுந்து வெளிய போங்க."

குலத் தலைவர்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் மாலின், பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்பவர், வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"எதுக்கும்மா?"

"வீடு கூட்டணும்."

"இப்பவா?"

"ரெண்டு நாளா ஏழு ஆம்பளைங்க உட்கார்ந்த இடம். எவ்வளவு குப்பை சேர்ந்திருக்கும், நீங்களே சொல்லுங்க."

மாலின் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார். டத்தோ சிரிக்கவில்லை. அக்கா மகளின் முகத்தை நிதானமாகப் படித்தார்.

"வீட்டை விட்டா ஊர்ச் சபைக் கொட்டகைதான். அதுக்குச் சுவர் கிடையாது. திறந்த வெளி. மேலேருந்து பார்த்தா வாழை இலையில வெச்ச சோறு மாதிரித் தெரிவோம்."

"தெரியும் மாமா."

"நாலு மணிக்குள்ள முடியலேன்னா, எந்த இடம்னு தேட வேண்டிய வேலைகூட அவனுக்கு இல்ல. ஊரே போகும்."

"முடியறதும் முடியாததும் உங்க கையில."

 டத்தோ முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"வீட்டுக்காரி போகச் சொல்லிட்டா. எந்திரிங்க."

கொட்டகைக்கு நூறு அடிதான். ஆனால் அந்த நூறு அடியில் மரம் கிடையாது. ஏழு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். தார்மோஜோ காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

கொட்டகைக்குள் பெண்கள் உட்காருவதில்லை. வெற்றிலைத் தட்டைக் கொண்டுபோய் வைப்பது மட்டும் பெண்தான். சம்சிதார் வைத்துவிட்டுத் திரும்பினாள், ஆனால் வீடு வரைக்கும் போகவில்லை. நெல் குதிரின் நிழலில் நின்றுகொண்டாள். சுவர் இல்லாத கொட்டகை. எல்லாம் கேட்டது.

இந்தத் தடவை புஸ்தாமி நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தான். டத்தோவுக்கு நேர் எதிரே. தட்டிலிருந்து வெற்றிலை எடுத்து, பெரியவருக்கு நீட்டி, தானும் எடுத்துக்கொண்டான்.

"டத்தோ, இங்க நான் யாரு?"

"ஜகார்த்தா அனுப்பின ஆள்."

"அப்ப பேசலாமா?"

"ரெண்டு நாளா உன் உச்சந்தலையைத்தான் பார்த்தேன். மூஞ்சியையும் பார்க்கறேன், பேசு."

"ஏன் வேண்டாம்ங்கறீங்க?"

"நாங்க காட்டுல உப்பில்லாம கிழங்கு தின்னோம். அட்டை கடிச்சு ரத்தம் ஓட ரேடியோவைத் தூக்கினோம். எங்களைக் கேட்டாங்களா? யோக்யாத் தலைவருங்க டச்சுக்காரன் காவல்ல உட்கார்ந்துக்கிட்டு, அவன் குடுத்த பேனாவால கையெழுத்துப் போட்டாங்க. கை கட்டிக் கிடக்கறவன் போட்ட கையெழுத்து செல்லுமா?"

"செல்லாது," என்றான் புஸ்தாமி.

தார்மோஜோ திடுக்கிட்டு அவனைப் பார்த்தார். கையிலிருந்த காகிதம் நழுவியது.

"செல்லாதுன்னு நானே சொல்றேன். அதனாலதான் உங்ககிட்ட இன்னொரு கையெழுத்து வாங்க நான் வரல."

"பின்ன எதுக்கு வந்தே? கிழங்கு தின்னவா?"

"அதுவும் வேகல, டத்தோ."

மாலின் 'க்கும்' என்றார். டத்தோவின் மீசை லேசாக அசைந்து நின்றது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றான் புஸ்தாமி. "குடும்ப நிலம் தாய்மாமன் கையில இருக்கு. அவர் அதை விக்கலாமா?"

"கூடாது."

"தனக்குன்னு வெச்சுக்கலாமா?"

"எங்கிட்ட வந்து வழக்கம் சொல்லிக் குடுக்கறியா? கூடாது. பார்த்துக்கத்தான் அவர் கையில இருக்கு."

"டிசம்பர்ல உங்க கைக்கு வந்தது அப்படிப்பட்ட சொத்துதானே? வீட்டுக்காரன் பிடிபட்டான், வீடு அநாதையாயிடக் கூடாதுன்னு நீங்க பார்த்துக்கிட்டீங்க. நீங்க இல்லேன்னா இன்னிக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது, அதை ஜகார்த்தாவில நான் வாய் வலிக்கச் சொன்னேன். இப்ப வீட்டுக்காரன் வந்து கேக்கறான்."

"திருடன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு வந்து கேக்கறான்."

"திருடனை வாசல்லயே நிறுத்துங்க. ஒப்பந்தத்தை ஏத்துக்கறோம்னு எழுத வேண்டாம். ஒரு எழுத்தும் வேண்டாம். வாங்கினதை வாங்கின இடத்துல திருப்பித் தர்றோம்னு சொல்லுங்க. உங்க தலைவர் யோக்யாவுக்கு வந்து தன் கையால குடுக்கட்டும். நடுவுல டச்சுக்காரன் பேனா இல்ல."

தார்மோஜோ மெல்ல மூச்சு விட்டார். இப்படி ஒரு வாசல் இருப்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

டத்தோ வெற்றிலையை மென்றார். "குடுத்தாச்சு. பசங்க துப்பாக்கியை இறக்கியாச்சு. அப்புறம் அவன் வாக்கு மாறினா?"

"மாறுவான். ரெண்டு தடவை மாறியிருக்கான். மூணாவது தடவை மாறும்போது நாம ஒரு அரசாங்கமா இருக்கணுமா, ரெண்டு அரசாங்கமா இருக்கணுமா?"



மணி மூன்று பத்து. ஆற்றுப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் மறுபடி கிளம்பியது. சம்சிதார் குதிரின் காலைப் பிடித்துக்கொண்டாள். தும்பி ஊருக்கு மேல் வந்து, ஒரு தடவை கடந்து, சட்டென்று இறக்கையைச் சாய்த்தது. பார்த்துவிட்டான். வட்டம் போட ஆரம்பித்தான். முதல் வட்டம் பெரியது. இரண்டாவது சின்னது. மூன்றாவது வட்டத்தில் கொட்டகைக் கூரையின் காய்ந்த நார் படபடத்தது. உள்ளே இருந்தவனின் கண்ணாடி பளிச்சிட்டது.

"நாலு மணி ஆகலையே," என்றார் தார்மோஜோ, யாரிடமும் இல்லாமல்.

கொட்டகையில் ஒருவரும் எழவில்லை. டத்தோ எழாதபோது யார் எழுவது?

"டத்தோ," புஸ்தாமி குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. "நான் சொன்னதுல எது தப்பு?"

"தப்புன்னு சொன்னேனா?"

"சரியா?"

"சரின்னும் சொல்லல."

"அப்ப ஒரு கேள்வி. கோபம் வந்தா அடிங்க, வாங்கிக்கறேன். ரெண்டு நாளா உங்க வாயில 'வேண்டாம்' மட்டும்தான் வருது. அது சபை உறுப்பினரோட 'வேண்டாமா', இல்ல பாண்டாரோ குடும்பத்துத் தாய்மாமனோட 'வேண்டாமா'?"

மாலினின் தாடை மெல்லுவதை நிறுத்தியது. குலத் தலைவர்கள் தரையைப் பார்த்தார்கள்.  வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் இடுப்புக் கத்தி வெளியே வந்திருக்கும்.

டத்தோ பாண்டாரோ முகத்தில் ரத்தம் வற்றியது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.  விமானம் நாலாவது வட்டம் போட்டது. ஐந்தாவது.

"இதை வீட்டுல வெச்சுக் கேட்டிருந்தா..." என்றார்.

"கேட்டிருக்க முடியாது."

"முடியாது." அவர் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. ஓதினாரா, தனக்குள் யாரோடாவது வழக்காடினாரா, தெரியவில்லை. தார்மோஜோவின் கடிகாரம் மூன்றரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்தார்.

கண்ணைத் திறந்தபோது டத்தோ புஸ்தாமியைப் பார்க்கவில்லை. வக்கீலைப் பார்த்தார்.

"எழுதுங்க. ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டோம்ங்கற சொல் எங்கயும் வரக் கூடாது."

"வராது, டத்தோ."

"ஒப்படைச்ச பொறுப்பை, ஒப்படைச்சவங்க கையில, எங்க தலைவர் நேர்ல திருப்பித் தருவார். தூக்கின துப்பாக்கியை எப்ப இறக்கறதுன்னு யோக்யா சொல்லணும், டச்சுக்காரன் சொல்லக் கூடாது. அவ்வளவுதான். ஏழாவது ஆள் ஒப்பினான்னு முரசு கொட்டச் சொல்லுங்க."

மாலின் அறுபத்தெட்டு வயதை மறந்து பள்ளிவாசலுக்கு ஓடினார். குடைந்த பலாமரத்து முரசு மூன்று மூன்றாக அதிர்ந்தது. ஆற்றுக்கு அக்கரை ஊர் வாங்கிக்கொண்டது. அதற்கு அப்பால் இன்னொன்று, பிறகு மலைச்சரிவில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒன்று. கடைசி முரசுக்குப் பக்கத்தில் ரேடியோ இருந்தது, ஜகார்த்தா கேட்டுக்கொண்டிருந்தது.

மணி நாலடிக்க ஆறு நிமிடம் இருக்கும்போது தும்பி வட்டத்தை விட்டது. மேலே ஏறியது. டச்சுப் படை இருந்த பாயாகும்பு பக்கம் பார்த்துச் சின்னதாகிப் போனது. தார்மோஜோ கொட்டகைத் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

புஸ்தாமி வீட்டுப் படிக்கட்டுக்கு வந்தபோது சம்சிதார் படியின் குறுக்கே நின்றாள். காலுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

"கூட்டம் முடிஞ்சுது. இப்ப சொல்லுங்க."

அவன் படியில் உட்கார்ந்தான். 

"உயிரோட இருக்கான்."

அவள் அவன் பக்கத்தில் குந்தினாள். 

"செவ்வாய்க்கிழமை பாடாங் சிறையில பார்த்தேன். இளைச்சிருக்கான், பல்லு ரெண்டு போச்சு. ஆனா அதே வாய். 'மச்சான், தொப்பை போட்டிருச்சே'ன்னான்."

"அடப்பாவி. இதையா ரெண்டு நாளா மறைச்சீங்க? நான் அங்க அடுக்களையில..." அவள் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். இன்னொரு அடி. மூன்றாவது அடி அடிக்கவில்லை, அந்தக் கையாலேயே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசாக் கேளு. அவனுக்கு மரண தண்டனை. வர்ற திங்கக்கிழமை சுடறதா இருந்தது. ஒப்பந்தம் முறிஞ்சா தண்டனை நிக்காது. டச்சு அதிகாரி என்னைக் கூப்பிட்டு, சிரிச்சுக்கிட்டே சொன்னான், 'உங்க டத்தோகிட்ட சொல்லுங்க, பையனோட உசிரு அவர் நாக்குலதான் இருக்கு'ன்னு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நான் தூதன் இல்ல, சம்சி. அவன் அனுப்பின மிரட்டல் கடுதாசி. மாமா சரின்னு சொல்லியிருந்தாலும், அக்கா மகனுக்காக நாட்டை வித்தார்னு ஊர் பேசும். உன்கிட்ட சொன்னா நீ அவர் கால்ல விழுந்திருப்பே. அதான் ஜமாலுஸே சொன்னான். 'மாமாவுக்குத் தெரியக் கூடாது, மச்சான். தெரிஞ்சா அவரால சரின்னும் சொல்ல முடியாது, வேண்டாம்னும் சொல்ல முடியாது'ன்னான்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஓடினாள். கொட்டகையைத் தாண்டி, மீன் குளத்தைச் சுற்றிக்கொண்டு, பள்ளிவாசல் வாய்க்காலுக்கு. டத்தோ பாண்டாரோ அஸர் தொழுகைக்காகக் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது.

"மாமா. ஜமாலுஸ், மாமா, ஜமாலுஸ்..." நாலு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வெளியே வந்தது.

"உயிரோட இருக்கான்," என்றார் அவர்.

அவள் நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு யார் சொன்னது? இப்பத்தானே அவர் என்கிட்டயே..."

"பத்து நாள் முன்னாடி சந்தையில ஒரு துணி வியாபாரி. டச்சுக்காரன் அனுப்பின ஆள்." அவர் ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். தாடியிலிருந்து சொட்டியது. "சபையில சரின்னு சொன்னா பையன் வீட்டுக்கு வருவான், இல்லேன்னா வர்ற திங்கக்கிழமை சுட்டுருவோம்னு சொல்லியனுப்பினான்."

"தெரிஞ்சுமா மாமா?"

"சரின்னா அது பையனுக்காகச் சொன்ன சரின்னு ஆயிரும். தெரிஞ்சதனாலதான் ரெண்டு நாளா வேண்டாம், வேண்டாம்னேன்."